பதினேழு இலையும் ஒரு மாத்திரையும்

தராசுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தொழிலால் வந்த கோளாறு என்றுதான் நினைத்தார். எடை அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் தராசு ஒரு கிலோ காட்ட வேண்டும். கூடக் காட்டினாலும் குத்தமாட்டார், குறையக் காட்டினாலும் குத்தமாட்டார். குறையக் காட்டினால் நஷ்டம் எனக்குத்தானே, உங்களுக்கென்ன என்று ஒரு பழக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். நஷ்டமும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தத் தராசைத் திருப்பிக் கொடுத்தார் இவர்.

பதினெட்டு வயசிலிருந்து அவருக்கு வலிப்பு உண்டு. பல மருந்து மாற்றி, பல டாக்டர் மாற்றி, கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மா கொடுத்த மாத்திரை பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. அலுவலகத்தில் அவர் மாத்திரை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டால் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள். ஆறு வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகிற அலுவலக வேனை ஓட்டவும் டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார்.

இப்படி நேராக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் மூலிகை வந்தது மச்சான் வழியாக.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். கல்யாணம் ஆகவில்லை, இவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். எதையாவது விற்றுக்கொண்டே இருப்பார். கொசுவலை விற்றார், தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் விற்றார், மீன் தொட்டி விற்றார். ஆளை ஏமாற்றுகிற மனுஷன் இல்லை, சிக்கலே அதுதான். எதை விற்றாலும் முதலில் தானே வாங்கி, தானே நம்பி, பிறகுதான் விற்பார். மீன் தொட்டிக் காலத்தில் அந்த வீட்டில் பதினோரு தொட்டிகள் இருந்தன. குளியலறைக்குப் போகிற வழியில் மீன்கள் வரிசையாக நின்று பார்க்கும்.

இந்தத் தடவை ஒரு மூலிகை நிறுவனம். பச்சைப் பாட்டில், உள்ளே அறுபது கேப்சூல். பதினேழு இலைகளின் சாறு என்று எறும்பு எழுத்தில் ஒரு பட்டியல். தலைவலியிலிருந்து மறதி வரைக்கும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. விற்கிறவர்களுக்குப் பதவிகள் உண்டு: முதலில் தளிர், பிறகு கிளை, பிறகு கனி. எல்லோருக்கும் மேலே பச்சைப் பட்டுத் துண்டு போட்ட ஒருவர் இருந்தார். அவருக்கு ஆலமரம் என்று பட்டம். மச்சான் பதினாலு மாதமாகத் தளிராகவே இருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாம் கிளையாகிவிட்டார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது மச்சான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, உங்களுக்கு வலிப்பு வந்து எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு."

"அதை மட்டும் மேடையில வந்து சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்."

தராசுக்காரர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தார். "மேஜை மேல உங்க பாட்டில் இருக்குமே."

"இருந்துட்டுப் போகட்டும். தண்ணிப் பாட்டிலும்தான் இருக்கும்."

மூன்று நாள் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்த வாக்கியம் உண்மையாகத்தான் இருந்தது. மச்சானிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, பையனுக்கு வலிப்பு இருக்கிறது என்று தெரிந்து பெண் வீட்டார் எல்லோரும் பின்வாங்கினார்கள். அன்றைக்கு எழுந்து நின்று, வந்தால் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று சொன்னவர் இந்த மச்சான் ஒருத்தர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாடகை மண்டபத்தில் கூட்டம். தராசுக்காரர் மேடையேறினார். எனக்கு வலிப்பு இருந்தது, ஆறு வருஷமாக வரவில்லை என்றார். இறங்கியிருந்தால் தப்பித்திருப்பார். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, இந்தக் கேப்சூலைத் தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். தராசுக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சானின் முகம் அப்படிக் கெஞ்சியது.

"சாப்பிடுறேன்" என்றார்.

நாற்பத்தாறு வயசில் அவர் சொன்ன முதல் முழுப் பொய் அது. அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. சரியாகக் காட்டுகிற தராசுகளையும் மூன்று முறை சோதித்தார். முத்திரைக் கட்டையை எடுத்தால், நீயா குத்துகிறாய் என்று அது கேட்பதுபோல இருந்தது. வியாழக்கிழமை அவருக்கு ஒரு வழி தோன்றியது. சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அதை உண்மையாக்கிவிடலாம். மச்சானின் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, அன்று முதல் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று கேப்சூலை விழுங்க ஆரம்பித்தார். மாத்திரையையும் ஒரு வேளை விடவில்லை. மாத்திரை ஒரு கையில், கேப்சூல் ஒரு கையில். மனசு லேசாகிவிட்டது.

வலிப்பு மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் எடுத்துப் படித்தார். மூலிகை எதுவும் எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் தெரிவிக்கவும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. தெரிவிக்க வேண்டும்தான். ஆனால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்று போடவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் நாலு மாதம் இருந்தது. அப்போது தெரிவித்துக்கொள்ளலாம் என்று தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து உள்ளே வைத்தார். மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேடையில் பேசியதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது கூட்டம் சாயங்காலம் நடந்தது, அவர் பேசுவதற்கு முன்னாலேயே மணி எட்டாகிவிட்டது. மாத்திரை டப்பாவை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குள் போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கைகழுவுகிற தொட்டி வரிசையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சர்க்கரை நோயை இலையால் வென்றேன் என்று சற்றுமுன் பேசிய துணிக்கடைக்காரர் சர்க்கரை மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தத்தை வென்றவர் இன்னொரு மாத்திரையை அண்ணாந்து வாயில் போட்டார். மூட்டுவலியை வென்றவர் முழங்காலில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். ஓரமாக, பச்சைத் துண்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஆலமரம் தன் வயிற்றில் இன்சுலின் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஊசியை எடுத்து மூடிய ஆலமரம் தன் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் தராசுக்காரர் பக்கமாக நீட்டினார். இவர் வாங்கிக் குடித்து மாத்திரையை விழுங்கினார். பிறகு, சொன்ன சொல் தவறக்கூடாதே என்று, சட்டைப் பையிலிருந்து இரண்டு பச்சைக் கேப்சூலையும் எடுத்து வாயில் போட்டார். அப்போதுதான் நாலு பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

ஐந்தாவது வாரத்தில் அவருடைய இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் இருபது கிராம் எடைக்கல் விரலிலிருந்து நழுவி விழுந்தது. பேசும்போது நடுவில் ஒரு வார்த்தை தொலைந்து போய்த் தேட வேண்டியிருந்தது. வேலைக் களைப்பு என்று வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கூட்டம் பெரிய கூட்டம். மச்சானைக் கிளையாக்குகிற நாள். இந்த விசேஷத்துக்காக மனைவியும் வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் எதற்கு மேடையில் நிற்கிறார் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. தராசுக்காரர் மைக்கைப் பிடித்து, ஆறு வருஷமாக என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தையோடு சரி. உடம்பு விறைத்து, அடியோடு சாய்ந்தது.

மச்சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலையோடு நின்றார். ஒருத்தர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், இன்னொருத்தர் பல்லுக்கு நடுவில் வைக்கக் கரண்டி கொண்டுவந்தார். அதற்குள் மனைவி மேடையேறிவிட்டாள்.

"வாயில எதையும் வைக்காதீங்க. யாரும் பிடிக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கைப்பையைத் தலைக்கு அடியில் கொடுத்தாள். சட்டைக் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வருஷம் ஆனாலும் அவளுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை.

கூட்டத்தில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் வாசலை நோக்கி நடந்தார்கள். ஆலமரம் மைக்கைக் கையில் எடுத்தார்.

"யாரும் பயப்படாதீங்க. நோய் வெளியே போகுது. இருபத்தெட்டு வருஷத்து நோய், வேரோட கிளம்பும்போது இப்படித்தான் கிளம்பும். நம்ம கண்ணு முன்னால போகுது பாருங்க."

வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தர் கை தட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. இரண்டு நிமிஷம் பத்து விநாடியில் வலிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தராசுக்காரர் கண்ணைத் திறந்தபோது பச்சை விளக்குகளும், எழுந்து நின்று கை தட்டுகிற முந்நூறு பேரும் தெரிந்தார்கள். தனக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அது தப்பும் இல்லை. நேராகக் கனியாக்கி அவருக்கு ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள்.

மறுநாளே மனைவி அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். பாட்டிலையும் மேஜை மேல் வைத்தார். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த எறும்பு எழுத்தைப் படித்தார். அவர் ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிடவில்லை, ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் அதன் அளவு முன்பு இருந்ததில் பாதிதான் இருந்தது.

"இந்தப் பட்டியல்ல ஒரு செடி இருக்கு. உங்க மாத்திரையை ஈரல் சீக்கிரமா கரைச்சு வெளியே அனுப்பிடும், அந்தச் செடி பண்ற வேலை அது. இன்னொரு இலை வலிப்பையே தூண்டிவிடலாம்னு சந்தேகம். மிச்சம் பதினைஞ்சும் ஒண்ணா சேர்ந்தா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"தப்பு என்மேலதான், டாக்டர்."

"இலை சாப்பிட்டதுக்கு நான் கோவிச்சுக்கலை. சொல்லாம சாப்பிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் கோபம்."

கேப்சூலை இன்றோடு நிறுத்த வேண்டும், மாத்திரையில் கை வைக்கக்கூடாது என்றார். இலை நின்றால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் தானாக ஏறும். அதனால் இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், நடுவில் தலை சுற்றினாலோ நடை தள்ளாடினாலோ உடனே போன் செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு வேன் ஓட்டக்கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோதுதான் தராசுக்காரருக்குக் கண் கலங்கியது.

வேனை ஓட்ட மச்சான் தானாகவே முன்வந்தார். மேலதிகாரியிடம் போய் நின்று, கெஞ்சி, எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். இருபது கிலோ எடைக்கற்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விற்பதை மட்டும் விடவில்லை, சாப்பிடுவதையும் விடவில்லை. இலையில் தப்பில்லை, மாப்பிள்ளை மாத்திரையோடு சேர்த்ததுதான் தப்பு என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நிறுவன அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மனைவி எடுத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியூர் விருந்தினர்கள் ஒன்பது மணிக்கு வருகிறார்களாம். சார் ஒன்பது இருபதுக்குப் போன தடவை மாதிரியே செய்து காட்ட முடியுமா என்று கேட்டாள். அது நேரம் சொல்லி வருகிற விஷயம் இல்லை என்றாள் மனைவி. பரவாயில்லை மேடம், முயற்சி பண்ணச் சொல்லுங்க என்றது மறுமுனை. மனைவி போனைக் கீழே வைத்தாள்.

நான் போகிறேன் என்றார் தராசுக்காரர். ஒரு பொய்யை மேடையில் வைத்தாகிவிட்டது, மேடையிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். சனிக்கிழமை அலுவலகத்தில் நகைத் தராசுகளைச் சோதிக்கிற கண்ணாடிப் பெட்டித் தராசில், ஒரு புதுப் பாட்டிலின் அறுபது கேப்சூலையும் ஒவ்வொன்றாக எடை போட்டார். ஒவ்வொன்றும் ஐந்நூறு மில்லிகிராம் சாறு என்று பாட்டிலில் போட்டிருந்தது. ஒன்று எழுநூற்று நாற்பத்தொன்று காட்டியது. ஒன்று முந்நூற்றுப் பன்னிரண்டு. நாலு கேப்சூல் தலா தொண்ணூற்றாறு, அது வெறும் கூட்டின் எடை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, காற்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, வாங்கிய துண்டை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"நான் காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடுறேன். ஆறு வருஷமா வலிப்பு வராததுக்குக் காரணம் அதுதான். கூட இந்தக் கேப்சூலையும் சாப்பிட்டேன். நாப்பத்தி ஆறாவது நாள் உங்க முன்னாலயே விழுந்தேன். மாத்திரை சாப்பிடுறவங்க யாரா இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம இதைத் தொடாதீங்க."

பிறகு அறுபது கேப்சூலின் எடையையும் வரிசை எண்ணோடு வாசித்தார். வாசித்து முடிக்க ஏழு நிமிஷம் ஆனது. ஆலமரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரே ஒரு விநாடிதான். எழுந்து வந்து தராசுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"இப்படி ஒரு நேர்மையான மனுஷன் நம்ம குடும்பத்துல இருக்கார். வேற எந்தக் கம்பெனியில இருக்காங்க?"

போன தடவையைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் நூறு அடிக்கு வரிசை நின்றது. அத்தனை பேர் கையிலும் பச்சைப் பாட்டில். அவர் சொன்னதில் மாத்திரையும் டாக்டரும் அவர்கள் காதில் ஏறவில்லை. ஏறியது எடை மட்டும்தான். கனமான கேப்சூலாகப் பொறுக்கித் தரச்சொல்லி வந்திருந்தார்கள். அவர் முடியாது என்று மேலதிகாரியிடம் ஓடினார். மேலதிகாரி விதிப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்: கவுன்ட்டருக்கு வரும் எந்தப் பொருளையும் எடை போட்டுக் கொடுக்க அலுவலகம் கடமைப்பட்டது. தவிர, இந்த அலுவலகத்துக்குள் பொதுமக்கள் தாங்களாகவே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, விரட்டிவிடாதே என்றார். டோக்கன் கொடுத்தார்கள். தராசுக்காரர் ஒவ்வொருத்தரிடமும் நீங்கள் வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே எடை போட்டார். ஒவ்வொருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு, பின்னால் திரும்பி யாராவது கேட்டார்களா என்று பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தொன்றாம் டோக்கனோடு ஒரு கை பாட்டிலை நீட்டியது. நிமிர்ந்தால் மச்சான். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லோரையும்போல வரிசையில் நின்று வந்திருந்தார். பாட்டிலில் நாற்பது மிச்சம். தராசுக்காரர் எடை போட்டார். ஒன்பது கேப்சூல் காலி.

"அப்ப நான் இன்னைக்குக் காலையில சாப்பிட்டது?" என்று கேட்டார் மச்சான்.

"சாப்பிட்டதைச் சொல்ல முடியாது மச்சான்."

பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தராசுக்காரர் அவரை எடைக்கல் வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இவ்வளவு நாளாகச் சொல்லாமல் மென்று விழுங்கியதை அங்கே சொன்னார். கழிப்பறை, கைகழுவும் தொட்டி, நாலு பேர், எல்லாவற்றையும்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஆலமரம் ஊசி போட்டுக்கறார்."

மச்சான் அங்கிருந்த பெரிய எடைக்கல் மேல் உட்கார்ந்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இதை யாருதான் சாப்பிடுறாங்க?"

"நீங்களும் நானும்தான் மச்சான். நான் நிறுத்திட்டேன்."

மச்சான் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படிக் கிறுகிறுக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். வாயைத் திறந்து சொன்னால் இலை மேல் நம்பிக்கை போய்விடும் என்று அடக்கி வைத்திருந்தாராம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மூலிகை வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். தராசுக்காரர் கவுன்ட்டரை மூடி, முப்பத்திரண்டாம் டோக்கனிலிருந்து நாளைக்கு வரச்சொல்லிப் பலகை மாட்டினார். வேனை ஓட்ட இருவருக்குமே வழியில்லை. பஸ் பிடித்துப் போனார்கள். மனைவி நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

டாக்டரம்மா தனக்கு இது நேரடித் துறை இல்லை என்றாலும் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். எண்ணைச் சொன்னபோது மனைவி அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருக்கும் டாக்டரிடம் இப்போதே அனுப்புகிறேன், அவர் மாத்திரை எழுதுவார் என்றார் டாக்டரம்மா. பிறகு ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"இந்தப் பச்சைப் பாட்டிலைத் தவிர வேற என்னென்ன சாப்பிடுறீங்க? ஒண்ணு விடாம சொல்லணும்."

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சொல்லுங்கள் என்று தலையாட்டினார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு வேர்ப்பொடி. அதன் மேல் ஒரு கஷாயம். மூட்டுக்கு ஒரு பட்டை. தூக்கத்துக்கு ஒரு எண்ணெய், நாலு சொட்டு. பழைய கம்பெனியில் விற்காமல் மிச்சமான பாசி மாத்திரை. டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். முதல் தாள் முடிந்து இரண்டாவது தாளை எடுத்தார்.

"அந்தக் கறுப்பு லேகியம் அண்ணே" என்று மனைவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமா, அது ஒண்ணு."

"எத்தனை கிராம்?" என்று கேட்டார் தராசுக்காரர்.

அடுத்தவரைக் கூப்பிட வந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மேஜை மேல் மூன்றாவது தாள் இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.